தழும்பு இல்லாத ஆபரேஷன்

கர்ப்பப்பை வாயில் இருந்த கட்டியை லேப்ராஸ்கோப்பியில் எடுத்து, நான் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. வயிற்றில் சின்னச் சின்ன பிளாஸ்திரிகள் மட்டும்தான்.

"வெளிய தையல் சின்னது, உள்ள பெருசு. நல்லா ரெஸ்ட் எடுக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னபோது என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். இன்று காலையில் நான் எழுந்து நடப்பதைப் பார்த்ததும், "மத்தியானம் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" என்றார்.

குஜிலியம்பாறையிலிருந்து அவருடைய அக்கா, என் மதினி, ஹார்லிக்ஸோடு பார்க்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபரேஷன்னாங்க. எங்க, தையலைக் காட்டு."

காட்டினேன்.

"இம்புட்டுதானா?"

வந்ததே வீண் என்பதுபோல் முகம்.

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த, ஏற்கெனவே அவர் ஒரு தடவை பார்த்த ஆபரேஷன் சிடியை டிவியில் போட்டார்.

மதினி காபியைக் குடிக்காமல் பார்த்தார். கொய்யாப்பழம் தண்டிக் கட்டி. அதைத் துண்டு துண்டாக வெளியே எடுக்கிறார்கள். பிறகு உள்ளே தையல், தையல் மேல் தையல்.

படம் முடிந்தது. அப்போதுதான் காலையில் நடந்ததை மதினியிடம் சொன்னேன்.

"ஏலே, இதைப் பாத்துட்டுமா அவகிட்ட வெஞ்சனம் கேட்ட?"

இவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குக் கிளம்பினார்.

சிடி பிளேயரிலேயே இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் வரலாம். ஹார்லிக்ஸ் வேண்டாம், வந்ததே போதும். யார் என்ன வெஞ்சனம் கொண்டுவருகிறீர்கள் என்று இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்டில் எழுதிவிடுங்கள். எல்லாரும் கோஸ் பொரியலோடு வந்து நின்றால் சிக்கல்.