பச்சைத் தண்ணீரில் இறங்கிய சாயம்

கல்யாணமான புதிதில் நானும் வீட்டுக்காரரும் செஞ்சியிலிருந்து வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போனோம். ஊரில் மழை பொய்த்து, கூலி வேலைகூடக் கிடைக்காத வருஷம் அது. அங்கேயோ மழை விடவே விடாது. தேயிலைக்கு மழை ஓயக் கூடாது. வேரில் தண்ணீர் நிற்கவும் கூடாது. அதனால் சரிவில்தான் நடுவார்கள். செடிக்கு நல்லதாக இருந்ததுதான் எங்கள் காலை வாரியது.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். "இன்னிக்கு மட்டும் கீழ சமதரையில கிள்ளுறேன் சார்" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன்.

"மழையிலதான் கொழுந்து வரும். உனக்காக நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று சிரித்தான்.

அன்றைக்கே சறுக்கி விழுந்தேன். குழந்தை தங்கவில்லை. மூன்றாம் நாள், வேலைக்கு வராவிட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய் என்றான். ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடை போட்டோம்.

இரண்டு வருஷத்துக்கு முன், டீத்தூள் ஏஜென்ட் என்று ஒருவன் கடைக்கு வந்தான். அந்த சூப்பர்வைசரேதான். முடி நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. என்னை அவனுக்குத் தெரியவில்லை.

"ஒரு ஸ்பூன் போதுங்கக்கா, கலர் அள்ளும்" என்று சாம்பிள் கொடுத்தான்.

அவன் போனதும் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டேன். நல்ல தூள் மெதுவாகத்தான் நிறம் விடும். இது போட்டவுடனே செக்கச்செவேலென்று இறங்கியது; சாயம் கலந்த கலப்படத் தூள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீ குடிப்பவர்களின் வயிற்றை நான் நினைக்கவே இல்லை. அவனை மட்டும்தான் நினைத்தேன்.

அமாவாசை காலையில் மூட்டையோடு வரச் சொன்னேன். மற்ற கடைக்காரர்களையும் கூப்பிட்டேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் தகவல் சொன்னேன்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற கூட்டமே வேடிக்கை பார்த்தது. கண்ணாடி டம்ளரில் அவன் தூளைப் போட்டேன். "அடுப்புல வெக்கல. சாயம் எறங்குது பாருங்க."

அதிகாரி மூட்டைக்கு சீல் வைத்தார்.

"நான் உங்களுக்கு என்னங்கக்கா பண்ணுனேன்?" என்றான்.

சொன்னேன். எஸ்டேட்டை, அந்தச் சரிவை, ஐந்தாம் மாதத்தை. நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"எத்தனையோ பேரு வேலை செஞ்சாங்க. ஞாபகமில்லீங்க."

அன்று மாலை வீட்டுக்காரர், "அவன் பொழப்பே போயிடுச்சி. போதும், வுட்டுடு" என்றார்.

"இன்னா போதும்? அவனுக்கு ஞாபகமே இல்லையாம்" என்றேன்.

சோதனையில் கலப்படம் உறுதியானது. சாட்சி சொல்ல விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸிலேயே போனேன்.