கற்பூரம் நெருப்பில்லை

அன்றைக்கு அந்தக் காட்டில் நாங்கள் நாலு பேர். நான், என்ரை மனுசன், மனுசனின் தமக்கை, அவவின் மகள். தமக்கையை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். மகள், எனக்கு மருமகள் முறை, கனடாவில் பிறந்து யூனிவர்சிற்றியில் படிக்கிற பிள்ளை. ஐந்தாவதாக ஒருவர் காலைமை வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவரைச் சேர்க்கிறதா விடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்துகொண்டு மருமகள்தான் போனைக் காட்டினாள். அமெரிக்காவில், அரிசோனாப் பக்கம், பாலைவனத்துக்கு மேலே ஒரு மலை. மலை முழுக்கப் பைன் மரம். அங்கே காசு கட்டாமல் கூடாரம் அடிக்கலாமாம்.

“ரொய்லெற்?” என்று கேட்டேன்.

“இல்லை மாமி.”

“தண்ணி?”

“நாங்கள்தான் கொண்டு போகோணும்.”

“அப்ப ஆரிட்டைப் போய்க் கேக்கிறது, இதிலை படுக்கப்போறம் எண்டு?”

“ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை. முந்தி ஆக்கள் அடிச்ச இடத்திலை அடிச்சால் சரி. இற்ஸ் அலவ்ட், மாமி.”

மனுசன் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தார். “உவவுக்குச் சும்மா குடுத்தால் பயம். றிசீற் கையிலை இருந்தால்தான் நித்திரை வரும்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படித்த ஆட்களுக்கு ஒரு பேப்பரைப் பார்த்தவுடன் எந்த வரி முக்கியம், எந்த வரி சும்மா எழுதினது என்று விளங்கிவிடும். எனக்கு எல்லா வரியும் ஒரே மாதிரித்தான் பயமாக இருக்கும். மற்ற மூன்று பேருக்கும் முந்தியே கனடாச் சிற்றிசன்சிப் இருந்தது. நான் இங்கிலிஸ் சோதனைக்குப் பயந்து வருசக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். கடைசியில் எழுதிப் பாஸ் பண்ணி, சத்தியம் எடுக்கக் கூப்பிட்டுக் கடிதமும் வந்துவிட்டது. பயணம் முடிந்து அடுத்த மாதம் திகதி. அன்றைக்கு ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும், எந்த நாட்டிலும் என் பெயரில் குற்றம் பதியப்படவில்லை என்று. பிளேன் ரிக்கற் அதற்கு முதலே எடுத்தாயிற்று. கான்சல் பண்ணச் சொல்லிக் கேட்டேன்.

“வழக்கு வாறதுக்கு நீர் என்ன பாங்கை உடைக்கவே போறீர்?” என்றார் மனுசன்.

பீனிக்ஸில் இறங்கினபோது காற்று, நான் வேலை செய்கிற பேக்கரியில் அவண் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. வான் ஒன்று வாடகைக்கு எடுத்து, இந்தியன் கடையில் அரிசி, பருப்பு, தேங்காய் வாங்கினோம். மச்சாள் கற்பூரப் பெட்டி ஒன்றும் எடுத்தா, பிள்ளையாருக்கு ஏதோ நேர்த்திக்கடனாம். பிறகு மலை ஏற்றம். முள்ளுக் கள்ளிகள் குறைந்து குறைந்து, ஒரு வளைவுக்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் போய், பைன் மரங்கள் தொடங்கின. வானின் கண்ணாடியை இறக்கினால் குளிர்ந்தது.

காட்டு றோட்டுத் தொடக்கத்தில் ஒரு போர்ட் நின்றது. நான் வானை நிற்பாட்டச் சொல்லி மருமகளை இரண்டு தரம் வாசிக்க வைத்தேன். மழையில்லாத காலம், நெருப்பு மூட்டக் கூடாது, திருகி நூர்த்து அணைக்கக்கூடிய காஸ் அடுப்பு மட்டும் பாவிக்கலாம். மனுசன் வாட்டுவதற்கென்று கோழியை மசாலாவில் ஊறப்போட்டிருந்தார். நான் விடவில்லை. அதை அடுப்பில் கறியாக வைத்தேன். பழைய ஆட்கள் கல் அடுக்கி நெருப்பு எரித்த இடம் எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதன் மேல் தண்ணீர்க் கானைத் தூக்கி வைத்தேன், ஒருவருக்கும் மனம் வரக்கூடாது என்று.

நிலமெல்லாம் காய்ந்த ஊசியிலை. நடந்தால் அப்பளம் நொருங்குகிற சத்தம். ஒரு மரத்தில் மூக்கை வைத்தால் வனிலா எசன்ஸ் மணத்தது. வேலையில் நாள் முழுக்க மணக்கிற அதே மணம், ஆனால் அங்கே ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. விளிம்பில் போய் நின்றால் கீழே பாலைவனம் மண்ணிறத்தில் கிடந்தது. பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கரடி வருமா என்பதுதான் யோசனை.

அடுத்தநாள் காலைமை மச்சாள் முகம் கழுவி, திருநீறு பூசி, ஒரு பைன் மரத்தடியில் கல்லொன்றை நிமிர்த்தி வைத்தா. கல்லுக்குக் குங்குமம் வைத்தவுடன் அது பிள்ளையார். தேங்காய் உடைத்தா. தட்டையான இன்னொரு கல்லில் கற்பூரத்தை வைத்தா. காற்றுக்கு நெருப்புக்குச்சி நின்று பிடிக்கவில்லை.

“கையை மறைச்சுப் பிடியும்,” என்றா.

நான் குந்தி இருந்து இரண்டு கையாலும் மறைத்தேன். பிடித்துக்கொண்டது. கண்ணில் ஒற்றினேன். போர்டை இரண்டு தரம் வாசிக்க வைத்த எனக்கு அப்போது ஒரு பயமும் வரவில்லை. நெருப்பு என்றால் அது விறகு, அது கோழி வாட்டுகிறது. இது கற்பூரம்.

பச்சை ட்ரக் ஒன்று வந்து நின்றது. காட்டு ஒஃபிசர் இறங்கினார். வயது போன மனிதர், மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார். பிறகு என் கைகளுக்கு நடுவில் எரிந்ததைப் பார்த்தார். நேரே தண்ணீர்க் கானை எடுத்து ஊற்றினார். கல்லுச் சுர் என்றது. பிள்ளையாரும் நனைந்துபோனார். யார் இதைக் கொளுத்தினது என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

சோதனைக்குப் படித்த இங்கிலிஸை மறந்து, மறைத்த இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். மனுசன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகள், “இற்ஸ் எ ரிலிஜஸ் திங், சேர்,” என்று தொடங்கினாள்.

மச்சாள் அவளைக் கையால் விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தா. “மை காட். மை கற்பூரம். ஷி நோ. ஐ.” நெருப்புப் பெட்டியையும் எடுத்துக் காட்டினா.

ஒஃபிசர் கல்லைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார். கடவுளைப் பற்றித் தனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, நிலம் இப்படிக் காய்ந்து கிடக்கும்போது எந்தச் சுவாலையும் சுவாலைதான் என்றார். மருமகள் மொழிபெயர்த்தாள். மச்சாளின் பாஸ்போட்டை வாங்கி, ட்ரக்கின் முன்பக்கத்தில் வைத்து, தண்டம் கட்டச் சொல்லித் துண்டு எழுதினார். என் பெயரைக் கேட்கவே இல்லை. அவர் போன பிறகும் நான் ட்ரக் போன றோட்டையே எட்டி எட்டிப் பார்த்தேன்.

“கொளுத்தினது நான். நீர் ஏன் பயப்பிடுறீர்?” என்றா மச்சாள்.

“என்ரை பேரிலை எழுதியிருந்தால் மச்சாள்...”

“நீர் காத்துக்கு மறைச்சனீர். அவ்வளவுதான். என்ரை நேத்தியை நீர் கொண்டுபோகப் பாக்காதையும்.”

மனுசன் நனைந்த கல்லைப் பார்த்து, “பிள்ளையாருக்கு அபிசேகமும் ஆச்சுது,” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து மச்சாள்தான் சிரித்தா.

அடுத்த மாதம் அதே குசினி மேசையில், கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து சத்தியம் எடுத்தேன். அந்தத் தாளில் கையெழுத்து வைத்தேன். பொய்யில்லை. இதுவரை இங்கே இருக்கத் தந்த பழைய பிஆர் காட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கமராவுக்குக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மச்சாள் பின்னுக்கு நின்று லட்டுத் தட்டைப் பிடித்திருந்தா.

அன்றைக்கே கேட்டேன், “அந்தத் தண்டத்தை நான் கட்டிறன், துண்டைத் தாங்கோ.”

“நீர் கட்டினால் நீர் கொளுத்தின மாதிரி.”

“அப்ப நீங்கள் கட்டுங்கோ.”

“நான் கட்டினால் அது நெருப்பு எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி.”

மருமகள், கட்டாவிட்டால் தொகை ஏறும், இனி அமெரிக்காவுக்குப் போகேக்கை மறிப்பாங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். துண்டிலுள்ள நம்பரைத் தந்தால் போனிலேயே கட்டலாம் என்று மனுசனும் கெஞ்சினார். மச்சாள் துண்டைத் தன் கைப்பையில் வைத்துச் சிப்பை இழுத்து மூடிவிட்டா. தபால் வருகிற நேரம் பார்த்து அவவுக்கு நான் இப்பவும் போன் எடுத்து என்ன வந்தது என்று கேட்கிறேன். கட்டாமல் கிடக்கிறது இருநூற்று எண்பது அமெரிக்கன் டொலர்.