தளபதியைத் துரோகியாக்கிய ஞாயிற்றுக்கிழமை

பொன்னமராவதியில் எனக்குத் தையல் கடை. போனில் நான் மகாராணி. பன்னிரண்டு பேர் கொண்ட குழு, ஆளுக்கொரு வேஷம். அவரவர் வேஷத்தின் பேச்சையும் செய்கையையும் அவரவரே எழுத, கதை வளரும். நடத்துவது நான். நார்த்தாமலை மாதிரி ஒரு குன்றில் எங்கள் கோட்டை. இரண்டு வருஷமாகக் கட்டியது.

கடைசிப் போர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று பேசி வைத்திருந்தோம். எல்லாரும் வந்தாயிற்று, தளபதியைக் காணோம். அந்த வேஷம் மணமேல்குடியில் மீன்பிடிக்கிற ஒரு தம்பிக்கு. ஒரு மணி நேரம் பார்த்தேன். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! "தளபதி எதிரியிடம் விலைபோய்விட்டான்" என்று எழுதித் தள்ளினேன். மற்றவர்களும் சேர்ந்து அவன் கொடியைக் கொளுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் எழுதினான்: "எஞ்சின் நின்னுபோயி ரெண்டு நாளு கடல்ல கெடந்தேன்க்கா. கரைக்கு வந்து போனைத் தொறந்தா, நான் துரோகியாம்."

அவ்வளவுதான், குழுவை விட்டு வெளியேறிவிட்டான். அவன் பின்னாலேயே இன்னும் நாலு பேர் கிளம்ப நின்றார்கள். அவர்கள் போனால் இரண்டு வருஷக் கதை பாதியில் நின்றுவிடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மகாராணி வருத்தம் தெரிவிப்பதாக அரண்மனைத் தமிழில் ஓர் ஓலை எழுதி அவனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. போன் போட்டேன்.

"அக்கா, பத்திரிகைய ஆள்கிட்டக் குடுத்துவிட்டா நம்ம பக்கம் யாராச்சும் விசேஷத்துக்கு வருவாங்களா? நேர்ல வந்து வச்சாத்தானே வருவாங்க? மன்னிப்புக்கு மட்டும் ராணிய அனுப்புறீங்க?"

சுருக்கென்றது. 'போடா, பெரிய இவன்' என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, குழுவில் எல்லார் முன்னாலும் எழுதினேன்: "இது ராணி இல்லை, நான். என்ன ஏதென்று விசாரிக்காமல் அவசரப்பட்டேன். தப்பு என்னுடையது. தம்பி சரி என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையையே அழித்துவிடலாம்." அதைப் படமெடுத்து அவனுக்கும் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான். "அழிக்காதீங்கக்கா. நான் உளவு பாக்கத்தான் அங்கிட்டுப் போனேன்னு வச்சுக்கிருவோம்."

அடேயப்பா! அடுத்த ஞாயிறு எதிரிக் கோட்டையின் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டான் என் தளபதி. ராணி தேரை விட்டு இறங்கி, நடந்து போய் அவனை அழைத்து வந்தாள். ஜெயித்துவிட்டோம். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து தனியாக விசிலடித்தேன்.

இப்போது புதுக் கதை ஓடுகிறது. போன வாரம் முக்கியமான கட்டத்தில் வைத்தியர் வேஷக்காரியைக் காணோம். "பாம்பு கடிச்சு வைத்தியரு செத்துட்டாருன்னு எழுதிருவோம்" என்று இரண்டு பேர் குதித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தளபதி எழுதினான்:

"மொதல்ல கரைக்கு வரட்டும். கேப்போம்."