திரும்புங்க அக்கா

"திரும்புங்க. கைய தூக்குங்க. தொப்பிய கழட்டுங்க. அட, சிரிக்காதீங்க சார், முதுகு ஆடுது."

பூங்காவின் கண்ணாடி வீட்டிலிருந்து வெளியே வருகிறவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் இந்தக் கட்டளைகளுக்குப் பணிந்துதான் ஆக வேண்டும். உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே, நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் ஓர் அறை. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அங்கேதான் கட்டளை போடும் அந்த அம்மா நிற்கிறார், கையில் ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையோடு. உள்ளே வெயில் நாட்டுச் செடிகள், வெயில் நாட்டுப் பட்டாம்பூச்சிகள். அதில் ஒன்று யார் தோளிலாவது ஓசியில் ஏறி வெளியே போய்விட்டால், இந்த மலையூர்க் குளிரில் ஒரு பொழுது தாங்காது. அதை வழிமறித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதுதான் அவருடைய உத்தியோகம்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ள உருவம், கணீர்க் குரல். நெட்டையானவர்களுக்கென்றே மூலையில் ஒரு மரப்பலகை வைத்திருக்கிறார். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் 'திரும்புங்க அக்கா'. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் மேலாளரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

குடை மடிப்பு, குழந்தை வண்டியின் கூரை, பெண்களின் கொண்டை என்று ஒளியும் இடமெல்லாம் அவருக்கு அத்துபடி. பூப்போட்ட சட்டைக்காரர் வந்தால் இரட்டை வேலை. "தோட்டத்தையே மாட்டிக்கிட்டு வந்தா பாவம் அது என்னங்க பண்ணும்?" என்று பூச்சியின் கட்சிதான் பேசுவார். இறக்கையைத் தொடவே மாட்டார். தூரிகையை அதன் காலடியில் நீட்டிக் காத்திருப்பார். அது தானாக ஏறிக்கொள்ளும். "பிடிக்கக் கூடாது, கூப்பிடணும்" என்பார். செடித் திருடர்களும் அவரிடம்தான் சிக்குகிறார்கள். "ஏம்மா, உங்க பையிலேர்ந்து ஒரு கொடி எட்டிப் பாக்குதே, அதுக்கும் ஊர் சுத்த ஆசையா?" என்று கேட்டபடியே கொடியை வாங்கி, இலைக்கு அடியில் முட்டை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, தண்ணீர்க் குவளையில் செருகிவிடுவார். திருடியவர் அசடு வழியச் சிரிப்பதோடு வழக்கு முடிந்துவிடும்.

கஷ்டம் என்னவென்றால், கைக்கு வேலை நேரம் முடிந்தது தெரிவதில்லை. பேருந்தில் முன்னால் நிற்பவரின் காலரைத் தூக்கிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். "இவளுக்கு என் மூஞ்சி மறந்துபோச்சு, முதுகத்தான் அடையாளம் தெரியும்" என்று புலம்புகிறார் கணவர்.

அந்தக் கைதான் போன மாதம் மகனின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது. மகன் ஒரு பெண்ணை விரும்பினான். பெண்ணின் அப்பா, கோட்டு தைப்பதில் பேர்போன தையற்காரர், முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். தானே தைத்த கோட்டு, மடிப்புக் கலையாமல். கதவைத் திறந்த அக்காவின் வாயிலிருந்து "வாங்க" என்பதற்குப் பதில் "திரும்புங்க" வந்துவிட்டது. மனிதர் குழம்பிப்போய்த் திரும்பியும்விட்டார். கை தோளைத் தடவியது, காலரைத் தூக்கியது. "ஒண்ணுமில்ல, நீங்க போலாம்" என்று வேறு சொல்லித் தொலைத்தார் அக்கா.

"ஊரையே திருப்பி நிறுத்தி அளவெடுக்கறவன் நான். என் தையல்லயே பிசிறு தேடுறாங்களா?" தையற்காரரின் முகம் சிவந்துவிட்டது. யார் என்ன விளக்கியும் ஏறவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "யோசிச்சு சொல்றோம்" என்று கிளம்பினார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. "ஒரே ஒரு நாள் கைய கட்டிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாம்மா?" என்று மகன் கேட்டான். அன்று அக்கா நிஜமாகவே அழுதார்.

போன ஞாயிற்றுக்கிழமை உள்கதவின் வழியே பார்த்தால், வாழைகளுக்கு நடுவே அதே கோட்டு. "அவங்க வேலைய ஒரு தடவ நேர்ல பாத்துட்டு முடிவு சொல்லுங்கப்பா" என்று மகள் நச்சரித்து அனுப்பியிருக்கிறாள். உள்ளிருந்த புழுக்கத்தில் மனிதர் வியர்த்து வழிந்தார். கோட்டை மட்டும் கழற்றவில்லை.

அவர் சிற்றறைக்குள் வந்ததும் அக்கா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். தையற்காரரும் கூரையைப் பார்த்தார். அவருக்குத் திறந்துவிட அக்கா வெளிக்கதவின் பிடியில் கை வைத்தபோதுதான் கண்ணாடியில் அது தெரிந்தது. கோட்டின் பின்காலர்மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி. இறக்கையை மூடிக்கொண்டு, காலரில் ஊறிய வியர்வையை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பேசாமல் கதவைத் திறந்துவிட்டால் சம்பந்தம் பிழைக்கலாம், பூச்சி பிழைக்காது. மகன் முகம் கண்முன் வந்தது. அக்கா பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார், கணீர்க் குரல் காணாமல் போயிருந்தது. "கொஞ்சம்... திரும்புங்க."

தையற்காரரின் புருவம் நெரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பாதி திரும்பியதில் கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அது இறக்கையை விரித்தது. பளீரென்று நீலம், காலரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா பலகைமேல் ஏறித் தூரிகையை நீட்டினார். அது சட்டை செய்யவில்லை. "ஏற மாட்டேங்குது சார். துணி பிடிச்சுப்போச்சு போல."

"அவசரப்படுத்தாதீங்க. பாவம், குடிக்கட்டும்."

உள்கதவில் யாரோ தட்டினார்கள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தையற்காரர் தோள் அசையாமல், கழுத்து அசையாமல், வலது கையை மட்டும் மெல்லக் கோட்டுப் பைக்குள் விட்டுக் கைப்பேசியை எடுத்து அக்கா பக்கமாக நீட்டினார்.

"சம்பந்திம்மா," என்றார் உதடு பிரியாமல், "ஒரு போட்டோ எடுங்க. காலர் முழுசா விழணும்."