கஞ்சி போட்ட நாண்

குறுக்குவில் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே டைரியில் எழுதிவிட்டேன். பிரித்த பிறகு எழுதியிருந்தால் இன்னொரு வரியும் சேர்ந்திருக்கும்: நாண் இல்லை. கட்டையின் மேல் குறுக்காகப் பொருத்திய வில், ஆறு அம்புகள், ஒரு கையேடு, அவ்வளவுதான். நாணைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கையேட்டின் கடைசிப் பக்கம் சொன்னது. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இணையத்தில் உட்கார்ந்து அந்த வில்லைப் பற்றி எல்லாவற்றையும் படித்தவன் நான். அந்த ஒரு வரியைத் தவிர.

எனக்கு எதற்கு வில்? மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நூலகத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். பன்னிரண்டு பேர். குறிப்பேடு எழுதுவது என் பொறுப்பு. யாராவது ஆண்டைத் தப்பாகச் சொன்னால் பேச்சை நிறுத்தித் திருத்துவது, யாரும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்ட பொறுப்பு. ஆனி மாதக் கூட்டத்தில் பழங்காலப் படைக்கருவிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முடித்ததும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை கையைத் தூக்கினார்.

"சார், இவ்ளோ சொல்றீங்களே, ஒரு தடவையாவது வில்ல கையில புடிச்சிருக்கீங்களா?"

பதினொரு பேரும் சிரித்தார்கள். அதையும் நான்தான் எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுதிவிட்டு எழுந்து, அடுத்த கூட்டத்தில் எய்தே காட்டுகிறேன் என்றேன். அதுவும் குறிப்பேட்டில் ஏறியது. எங்கள் வட்டத்தில் போன கூட்டத்துக் குறிப்பை உரக்கப் படித்து, எல்லோரும் சரி என்ற பிறகுதான் அடுத்த பேச்சு. ஆகவே தோற்றால் என் தோல்வியை நானே எழுதி, நானே எழுந்து நின்று படிக்க வேண்டும்.

நாணுக்கு மூன்று வழி இருந்தது. கொடிக்கயிறாகக் கட்டியிருந்த நைலானை முதலில் இழுத்துப் பார்த்தேன். ரப்பர் போல நீண்டது. கையேடு சொன்னது பாலியஸ்டர் நூல். ஆனால் அந்தக் காலத்தில் பட்டிலும் நாண் திரித்தார்கள் என்று நான் படித்திருக்கிறேன். என் மனைவியோ வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறவள். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பாலியஸ்டர் நாணா என்று எனக்கு ரோஷம் வந்தது.

"இன்னாங்க இது, காக்கா ஓட்றதுக்கா?" என்றாள் மனைவி, வில்லைப் பார்த்து.

"கூட்டத்துல எய்து காட்டணும்மா. கொஞ்சம் பட்டு குடு."

"ஊசில நூல் கோக்கவே என்னத்தான் கூப்பிடுவீங்க. நாண் திரிக்கப் போறீங்களா?" என்றாலும் ஒரு கண்டு பட்டு கொடுத்தாள்.

பலகையில் இரண்டு ஆணி அடித்து, நூலை அறுபது சுற்றுச் சுற்றி, இரு முனையிலும் மாட்டுவதற்கு வளையமாகக் காது வைத்துக் கட்டினேன். முதல் நாண் வில்லின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. மாட்டியதும் துணி காயப்போடலாம் போலத் தொங்கியது. நாண் வில்லைவிடக் குட்டையாக இருந்தால்தான் வில் வளையும். இரண்டாவது நாண் அளவுக்கு மீறிக் குட்டை. நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் அமுக்கியும் காது வில் முனையின் கொக்கியை எட்டவில்லை. மூன்றாவது எட்டியது. நாணுக்கும் வில்லுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும் என்றது கையேடு. என் விரலுக்குச் சரியாக இருந்தது. மனைவி தன் விரலை வைத்து, இன்னும் ஒரு விரல் போகும் என்றாள். யாருடைய விரல் என்று கையேட்டில் இல்லை. ஒரு காதைக் கழற்றி முறுக்குவதும் முறுக்கைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக ஒரு பகல் போயிற்று. முறுக்கினால் நாண் குறுகும், இடைவெளி கூடும்; பிரித்தால் நீளும், இடைவெளி குறையும். முப்பத்திரண்டாவது முறுக்கில் இருவரும் ஒத்துப்போனோம். அதையும் டைரியில் குறித்தேன்.

மிச்சம் இருந்தது மெழுகு. இழைகள் பிரியாமலிருக்க நாணுக்குத் தேன்மெழுகு தடவச் சொன்னது கையேடு. எனக்கோ கையேடு எழுதியவர் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. இங்கே சேலைக்கான நீள இழைகளைப் பாவு என்போம். அதைக் காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள். பாவுக்கு ஆகும் கஞ்சி நாணுக்கு ஆகாதா?

"கஞ்சி போடாதீங்க," என்றாள் மனைவி. "பாவுன்னா தறி மேல இருக்குது. நான் பகலெல்லாம் அது கிட்டயே உக்காந்துக்கினு இருக்கேன். இதுக்கு யாரு காவல் இருப்பா?"

"இத யாரும்மா திருடப் போறாங்க?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தறிக்குப் போனாள். அந்தப் பார்வையின் பொருளைக் கேட்டிருக்கலாம். நான் சோறு வடித்த கஞ்சியைத் தேடிப் போனேன்.

காய்ந்த நாண் கம்பி போல நின்றது. கொல்லையில் பழைய செய்தித்தாள் கட்டைச் சுவரோரம் வைத்து எய்தேன். நாணிலிருந்து விபூதி போல வெள்ளைத் தூள் பறந்தது. அம்பு தாள்கட்டில் குத்தி நின்றது. மூன்று முறை எய்தேன், மூன்றும் பட்டன. பிறகு கையேட்டின்படி நாணைக் கழற்றி, துணியில் சுற்றி, புத்தக அலமாரியின் மேல் வைத்தேன். ஆடி மாதக் கூட்டம் வரை அதை நான் தொடவில்லை.

அன்று நூலகத்தின் பின்புறத்தில் செய்தித்தாள் கட்டை நிறுத்திவிட்டு, பட்டின் வரலாற்றை இருபது நிமிடம் பேசினேன். பிறகு எல்லோர் முன்னாலும் துணியைப் பிரித்தேன். நாண் மூன்று துண்டாக இருந்தது. முனைகளில் பல் பட்ட தடம். துணியின் ஓரத்திலும் ஒரு ஓட்டை. நான் பார்க்காத ஓட்டை. எல்லோரும் சிரித்தார்கள்.

கணக்கு ஆசிரியை கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"எலி சார். கஞ்சி போட்டீங்களா?"

"போட்டேன்."

"அதான். கஞ்சி வாசன புடிச்ச எலிய ஏமாத்த முடியாது." மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தறியை நிறுத்தவில்லை. "காவல்னு சொன்னனே, திருடனுக்கா சொன்னேன்? எலிக்குதான்." என்றாள்.

குறிப்பேட்டைத் திறந்தேன். 'நேரமின்மையால் செயல்விளக்கம் ஒத்திவைக்கப்பட்டது.' நல்ல வாக்கியம். அலுவலகத்தில் முப்பது ஆண்டு அப்படிப்பட்ட வாக்கியங்களைத்தான் எழுதினேன். ஆனால் பதினொரு பேர் தப்பாகச் சொன்ன ஆண்டுகளைத் திருத்திய பேனா அது. அடித்துவிட்டு எழுதினேன்: 'நாணுக்கு மெழுகுக்குப் பதில் கஞ்சி போட்டதால் எலி கடித்தது. மனைவி முன்பே எச்சரித்திருந்தார். (சிரிப்பு)'.

ஆவணிக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைப் படித்தேன். குறிப்பு சரிதானா என்று கேட்டேன். கணக்கு ஆசிரியை கையைத் தூக்கினார்.

"ஒரு திருத்தம் சார். அன்னிக்கு ரெண்டு தடவ சிரிச்சோம். நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சிவப்பு மையில் இன்னொரு சிரிப்பைச் சேர்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு, மனைவி திரித்து மெழுகு தடவிய நாணை மாட்டி எய்தேன். அம்பு நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் பட்டது. அந்த ஒரு சாணையும் எழுதிக்கொண்டேன்.