மாட்டு அறையில் தங்கிய சம்பந்தி

வில்லியனூர் ரயிலடிக்கு எதிரே ஓட்டல் வைத்திருந்த சிவப்பிரகாசம், மனித குலத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: கோர்ட்டுக்குப் போகிறவர்கள், சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு சர்க்காருக்கே இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

வகைக்கு ஓர் அறை. கோர்ட்டு அறைக்கு இரண்டு வாசல். வாதியும் பிரதிவாதியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் போய்வரலாம். பெண் பார்க்கிறவர்களுக்குப் பெரிய கண்ணாடி, புதுப்பாய், நெய் மணக்கும் பொங்கல். மாட்டு அறையில் வைக்கோல், கேழ்வரகுக் கூழ். கெட்ட வார்த்தைக்குத் தடையில்லை. மாட்டுக்காரர் யாராவது பாய் கேட்டால், "பாயில படுத்தா உங்களுக்குத் தூக்கம் வராதுங்க" என்று அக்கறையோடு மறுத்துவிடுவார்.

இத்தனை தெளிவுள்ளவருக்கு மகள் அமுதத்தின் கல்யாணம் மட்டும் பிடிபடவில்லை. இரண்டு இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவதாக, பண்ருட்டியில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் பலராமன் தம் மகனுக்குக் கேட்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். இதுவும் தட்டினால் ஊர் வாயை மூட முடியாது.

முறைப்படி போகுமுன், யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய் விசாரிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பலராமன் திங்கட்கிழமையே வந்து இறங்கினார். "மதகடிப்பட்டுச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்தேன்" என்றார். மறுநாள் சந்தை. சிவப்பிரகாசம் அவரை வைக்கோலில் கொண்டுபோய் உட்கார்த்தினார். மாட்டு அறைக்காரர்களுக்குத் தரகரை வரவழைத்துக் கொடுப்பதும் அவர் உபசாரத்தில் சேர்த்தி. தரகர் நாகராஜன் ஒரு காளையோடு கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

பலராமன் காளையைப் பார்க்கவில்லை. "இந்த ஓட்டல்காரரு எப்பிடி? குடும்பம் எப்பிடி?"

"மாடு பிடிக்க வந்தவருக்கு மனுசன் பவுசு இன்னாத்துக்கு? கையக் குடுங்க" என்றார் நாகராஜன்.

கையின்மேல் துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வது சந்தை முறை. பிடித்த விரலை உதறினால் படியவில்லை. சும்மா இருந்தால் படிந்தது. பலராமன் மரியாதைக்குச் சும்மா இருந்தார்.

"முடிஞ்சுது. மாடு உங்களுது."

"எனக்கு மாடு வேணாங்களே."

"விரலக் குடுத்துட்டு வேணாமா? இன்னாங்க, சிவப்பிரகாசம்?"

சிவப்பிரகாசம் தரகர் பக்கம் நின்றார். "துண்டுக்குள்ள ஒரு பேச்சு, வெளிய ஒரு பேச்சுன்னா என் ஓட்டலுக்கு எவன்யா வருவான்?"

பலராமனுக்கு வேறு வழியில்லை. "நான் மாட்டுக்கு வரலீங்க. உங்க பொண்ணுக்கு வந்தேன். பண்ருட்டி பலராமன்."

சிவப்பிரகாசத்தின் மூன்று அறையில் எதிலும் இந்த ஆள் அடங்கவில்லை. பேரத்தை முறித்தால் நாளைக்குச் சந்தையெல்லாம் சிரிக்கும். மாட்டுக்காரன் ஒருவனும் எட்டிப் பார்க்கமாட்டான். முறிக்காவிட்டால் சம்பந்தம் போகும்.

உள்ளேயிருந்து அமுதத்தின் குரல் வந்தது. "அவருக்குப் பதிலா நீ கைய வுடுப்பா. மாடு நம்ம வூட்டுலியே நிக்கட்டும்."

சிவப்பிரகாசம் துண்டுக்குள் கையை விட்டார். உதறவில்லை.

பலராமன் இதை மண்டிக்காரராகவே பார்த்தார். சம்பந்தம் ஆகுமுன்னே அடுத்தவர் தப்புக்கு இந்த மனிதர் மாடு வாங்குகிறார். ஆனபிறகு எதைத்தான் வாங்கமாட்டார்?

"வெள்ளிக்கிழம வரைக்கும் எதுக்குங்க? இப்பவே தாம்பூலம் மாத்திக்கலாம்" என்றார், வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டியபடி.

மாப்பிள்ளையும் இப்படித்தான் விரலைக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்பாரா என்று அமுதம் உள்ளேயிருந்து கேட்டாள். பெரியவர்களுக்கு நாள் குறிக்கிற வேலை இருந்தது.