படம் அவருடையது, கதை என்னுடையது

முத்தையா போய்விட்டார் என்று தூத்துக்குடியிலிருந்து அவர் மகள் சாந்தி தொலைபேசியில் சொன்னாள். அழுது ஓய்ந்த குரல். பேச்சின் கடைசியில், "அலமாரியில பெரிய பெரிய பிரெஞ்சுப் படக்கதை புஸ்தகமா இருக்கு மாமா. அப்பாவுக்கு பிரெஞ்சு தெரியுமா?" என்று கேட்டாள். அவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கும் தெரியாது என்றேன். மீதியை அவளுக்காகவும், பஹ்ரைனில் எங்களோடு இருந்தவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் அவர் டிராஃப்ட்ஸ்மேன், நான் கிளார்க். வேலை முடிந்து நாடு திரும்பிய ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் அந்தப் புத்தகங்களை முத்தையாவிடம் விட்டுப் போனார். கெட்டி அட்டை, முழு வண்ணம். படங்களை வைத்தே முத்தையா கதையைப் பிடித்துவிட்டார். அவரை அசத்தியது அட்டையிலிருந்த இரண்டு பெயர்கள். எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர். இரண்டும் ஒரே அளவு எழுத்தில். அப்போது நான் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தேன். "நீங்க எழுதுங்க சார், நான் வரையுதேன்" என்றார்.

எங்கள் முதல் கதையில் ஒருவன் ஊரை விட்டு வந்து விமான நிலையத்தில் இறங்குகிறான். அவன் துக்கத்தைப் பன்னிரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். முத்தையா ஒரு வரியைக்கூட வைக்கவில்லை. தகரப் பெட்டியோடு வெயிலில் நிற்கும் மனிதனைப் பக்கம் முழுக்க வரைந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "அவன் கலங்குதது படத்துலயே இருக்கு. அதையே எதுக்குத் திரும்பச் சொல்லணும்?" என்றார். வரைபடங்களுக்குப் பிரதி எடுக்கும் மிஷினில் பிரதி போட்டு, கேம்ப் மெஸ்ஸின் சுவரில் ஒட்டினோம். ராமநாதபுரத்துக் கொத்தனார் ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அதன்பிறகு என் வரிகளை நானே வெட்டினேன்.

மூன்றாவது கதை ஆகஸ்டு வெயிலைப் பற்றியது. எங்கள் சைட்டில் குடிநீர் டிரம் நாள் முழுக்க வெயிலில் கொதிக்கும். அந்த வாரம் இரண்டு பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். கோபத்தோடு எழுதினேன். ஆனால் மெஸ்ஸில் ஒட்டிய பிரதியில் முத்தையா பெயர் மட்டுமே இருந்தது. டிரேசிங் தாளில் என் பெயரை பிளேடால் சுரண்டிவிட்டுப் பிரதி எடுத்திருந்தார்.

நேராக அவர் மேசைக்குப் போய், எல்லோர் முன்னாலும், "கதையையும் நீங்களே வச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். பேனாவைத் துடைத்தபடியே, "கோவம் ஆறட்டும் சார், பேசுவோம்" என்றார். நான் நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மேனேஜர் அவரை அழைத்தார். யாரோ கதையை மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்கள். எழுதியது யார் என்ற கேள்விக்கு, எழுதியதும் வரைந்ததும் தான்தான் என்று முத்தையா சொன்னார். விசா ரத்தானது. மூன்று நாளில் கிளம்ப வேண்டும்.

அவர் அறைக்கு ஓடினேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னேன். "இங்க ஸ்கூல்ல உங்க பிள்ளைங்க படிக்காங்க. சாந்தி இன்னும் தவழுதா, எனக்கு ஊருக்குப் போனா சந்தோசந்தான். நீங்க பேசாம இருங்க" என்றார்.

பேசாமல் இருந்தேன். அவர் போன மறுவாரம் சைட்டில் தண்ணீர் டிரம்முக்கு நிழலாகப் பந்தல் போட்டார்கள். ஊரில் அவர் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தார். பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். ஒருமுறைகூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதைவிட மோசம், நானும் எடுக்கவில்லை.

அவர் எனக்காகக் காத்த அந்த மௌனம் மட்டும்தான் இத்தனை வருடம் என்னிடம் இருந்தது. இனி அதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சாந்தி, உன் அப்பா வேலையை இழந்தது அந்தக் கதைக்காக. அதை எழுதியவன் நான்.